பால் ரசீதும் தலை எண்ணிக்கையும்: அமெரிக்காவின் அரசு உணவுத் திட்டத்தில் ஆய்வு நடக்கும் விதம்

அமெரிக்காவில் அரசுப் பணத்தில் குழந்தைகளுக்குச் சாப்பாடு போடும் ஒரு காப்பகத்துக்கு மாநில அலுவலர் ஆய்வுக்கு வந்தால், அவர் விடாமல் தோண்டும் காகிதங்களில் ஒன்று பால் வாங்கிய ரசீது. 3 முதல் 5 வயதுக் குழந்தைக்கு மதியச் சாப்பாட்டோடு 6 அவுன்ஸ், அதாவது சுமார் 177 மில்லி பால் கொடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. பால் இல்லாத சாப்பாட்டுக்குப் பணம் கிடையாது. 40 குழந்தைகள், மாதத்துக்கு 20 நாள் என்று வைத்துக்கொண்டால் 800 சாப்பாடு. அதற்கு ஏறக்குறைய 142 லிட்டர் பால் வேண்டும். ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தால் 80 லிட்டர்தான் வருகிறதா? அப்படியென்றால் 450 சாப்பாட்டுக்குத்தான் பால் இருந்திருக்கிறது. மீதி 350-க்குப் பதில் சொல்ல முடியாவிட்டால் அந்தத் தொகையை வெட்டிவிடுவார்கள்.

கெட்டிக்காரத்தனமான சோதனைதான். பொய் சொல்பவர் வருகைப் பதிவேட்டை உட்கார்ந்து எழுதிவிடலாம். பால்காரரின் ரசீதை எழுதுவது அவ்வளவு சுலபம் இல்லை. ஆனாலும் இதிலும் சரிபார்க்கப்படுவது ஒரு காகிதத்துக்கு எதிராக இன்னொரு காகிதம்தான். இந்த ஆய்வு முறையின் பலம், பலவீனம் இரண்டுமே அங்கேதான் இருக்கின்றன.

திட்டத்தின் பெயர் சைல்ட் அண்ட் அடல்ட் கேர் ஃபுட் புரோகிராம். 1968-ல் மூன்றாண்டுச் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 1978-ல் நிரந்தரமானது. 1987-ல் முதியோருக்கான பகல்நேரக் காப்பகங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். இன்று தினமும் 40 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெரியவர்களும் இதில் சாப்பிடுகிறார்கள். நடத்துவது கூட்டாட்சி அரசின் வேளாண் துறை. களத்தில் பொறுப்பு மாநிலங்களுடையது.

சத்துணவு என்றதும் நம் மனதில் வருவது அரசு கட்டிய சமையற்கூடம், அரசு அனுப்பும் அரிசி, பருப்பு, முட்டை, அரசு ஊதியம் வாங்கும் அமைப்பாளர். இங்கே கதை வேறு. அரசு சமைப்பதில்லை, பெரும்பாலும் சாமானும் அனுப்புவதில்லை. காப்பகம் தன் கையிலிருந்து செலவு செய்து சமைத்துப் போடுகிறது. மாதம் முடிந்ததும் எத்தனை சாப்பாடு போட்டோம் என்று கணக்குக் கொடுக்கிறது. அரசு ஒரு சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று திருப்பித் தருகிறது. ஆக, அரசு வாங்குவது சோற்றை அல்ல, ஓர் எண்ணிக்கையை. அந்த எண்ணிக்கை மெய்யா என்பதே ஆய்வின் மையக் கேள்வி.

எண்ணிக்கையோடு வருமானமும் சேர்ந்துகொள்கிறது. காப்பகங்களுக்கு 2024-25-ல் ஏழைக் குடும்பத்துக் குழந்தையின் மதியச் சாப்பாட்டுக்கு 4 டாலர் 43 சென்ட் கிடைத்தது. வசதியான வீட்டுக் குழந்தைக்கு 42 சென்ட். தட்டும் அதுதான், சமையலும் அதுதான். தொகையில் மட்டும் பத்து மடங்கு வித்தியாசம். குடும்ப வருமானம் கூட்டாட்சி வறுமைக் கோட்டில் 130 சதவீதத்துக்குள் இருந்தால் முழுத் தொகை, 185 சதவீதம் வரை இருந்தால் கொஞ்சம் குறைவு, அதற்கு மேல் போனால் அந்த 42 சென்ட். இதைத் தீர்மானிப்பது பெற்றோர் நிரப்பித் தரும் ஒரு படிவம். அதில் கையெழுத்து விட்டுப்போனாலோ, காலாவதியாகிவிட்டாலோ, அந்தக் குழந்தை காகிதத்தில் ஒரே நாளில் பணக்கார வீட்டுப் பிள்ளை ஆகிவிடும். லாப நோக்கில் நடக்கும் தனியார் காப்பகமாக இருந்தால் இன்னொரு நிபந்தனையும் உண்டு: சலுகைக்குத் தகுதியான குழந்தைகள் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும், அதுவும் மாதாமாதம். ஒரு மாதம் 24 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் அந்த மாதத்துக்கு ஒரு காசும் கேட்க முடியாது.

சரி, ஆய்வுக்கு வருபவர் என்னதான் செய்வார்? பொதுவாக ஒரு மாதத்தை எடுத்துக்கொள்வார். அந்த மாதம் கேட்ட தொகை, அதற்கான தினசரி உணவுப் பதிவு, வருகைப் பதிவேடு, சேர்க்கைப் படிவங்கள், மெனு, கடை ரசீதுகள், ஊழியர் பயிற்சிக் கையெழுத்துகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்புவார். அடுத்தடுத்த ஐந்து நாள்களை எடுத்து, சேர்ந்த குழந்தைகள் எத்தனை, வந்தவர்கள் எத்தனை, சாப்பிட்டதாக எழுதியவர்கள் எத்தனை என்று ஒப்பிடுவது விதியிலேயே உள்ள வேலை. வந்தவர்களைவிடச் சாப்பிட்டவர்கள் அதிகம் என்றால் விளக்கம் கேட்பார்கள். ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு இரண்டு சாப்பாடும் ஒரு சிற்றுண்டியும், அல்லது இரண்டு சிற்றுண்டியும் ஒரு சாப்பாடும்தான் கணக்கில் ஏறும். மாலை வரை இருக்கும் பிள்ளைக்கு ஆசையாக நாலாவது முறை பழம் நறுக்கிக் கொடுத்தால் அது காப்பகத்தின் சொந்தச் செலவு.

அப்புறம் கூடத்துக்கு வருவார். எண்ணிக்கையைச் சாப்பாடு போடும் நேரத்திலேயே, குழந்தையைப் பார்த்துக் குறிக்க வேண்டும். 12 மணிச் சாப்பாட்டுக்கு 11 மணிக்கே எல்லாப் பெயருக்கும் டிக் போட்டிருந்தால் ஆய்வாளர் அந்த ஒரு பக்கத்தைப் பார்த்தே உஷாராகிவிடுவார். தினமும் ஒரே எண்ணிக்கை எழுதியிருந்தாலும் அப்படித்தான். குழந்தைகள் இருக்கும் இடத்தில் சளி, காய்ச்சல், பாட்டி வீட்டுப் பயணம் எல்லாம் இருக்கும். மூன்று வாரம் தொடர்ந்து 32, 32, 32 என்று வந்தால் அது பதிவு அல்ல, படைப்பு.

மெனு ஆய்வுதான் வெளியார் பார்வைக்கு விசித்திரமாகத் தெரியும். 2017 அக்டோபரிலிருந்து புதிய உணவு விதிகள். பழச்சாறு நாளுக்கு ஒரு முறைதான். கேக், குக்கி வகைகள் தானியக் கணக்கில் வராது. நாளில் ஒரு வேளையாவது முழுத் தானியம் வேண்டும். ஒரு வயதுக் குழந்தைக்குக் கொழுப்பு நீக்காத பால், இரண்டு வயதுக்கு மேல் கொழுப்பு குறைந்த பால். மாற்றிக் கொடுத்தால், குழந்தை குடித்து முடித்திருந்தாலும், அந்தச் சாப்பாடு செல்லாது.

ஒரு முதியோர் பகல்நேரக் காப்பகத்தில் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு மதியம் சாம்பார் சாதம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்களின் தட்டில் ஐந்து இனம் வேண்டும்: பால், இறைச்சி அல்லது அதற்கு ஈடான புரதம், காய், பழம், தானியம். சோறு தானியத்தில் போய்விடும். பருப்பு புரதக் கணக்கிலும் வரலாம், காய்க் கணக்கிலும் வரலாம். ஆனால் ஒரே வேளையில் இரண்டிலும் வர முடியாது. புரதமாகக் காட்டுவதென்றால் ஒருவருக்கு அரைக் கப் வெந்த பருப்பு தேவை. இங்கேதான் சிக்கல். அரைக் கப் சாம்பாரில் அரைக் கப் பருப்பு இருக்காதே! பருப்பும் புளித்தண்ணீரும் கத்திரிக்காயும் கலந்த ஒன்றில் பருப்பு எவ்வளவு என்று காட்ட, இத்தனை கிலோ பருப்பு, இத்தனை காய், இத்தனை பேருக்கு என்று அளவிட்ட சமையல் குறிப்பு கோப்பில் இருக்க வேண்டும். கைப்பக்குவத்துக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. பாலுக்குப் பதிலாகத் தயிரைப் பெரியவர்களுக்கு நாளுக்கு ஒரு வேளை காட்டலாம் என்பது ஆறுதல். தயிர்சாதக்காரர்கள் அந்த வகையில் தப்பித்தார்கள்.

பெரியவர்கள் பக்கம் வேறு சில கேள்விகளும் உண்டு. சாப்பிடுபவர் 60 வயது நிறைந்தவரா, இல்லையென்றால் தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடியாத உடல்நிலையா? ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதியிருக்கிறதா? முதியோர் நலச் சட்டத்தின் கீழ் வரும் வேறொரு நிதியிலிருந்தும் அதே சாப்பாட்டுக்குப் பணம் வாங்கிவிட்டார்களா? ஒரு தட்டுக்கு இரண்டு இடத்தில் பில் போடுவது பெரிய குற்றம். இதற்கு நடுவே, பாகுபாடு கூடாது என்று சொல்லும் அரசு போஸ்டர் சுவரில் இருக்கிறதா, 11-க்கு 17 அங்குல அளவில் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். சின்னதாக ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியிருந்தால் அதுவும் குறைதான்.

இனி, இந்தத் திட்டத்தின் நடு அடுக்கு. மாநில அலுவலகத்தால் ஒவ்வொரு வீட்டுக் காப்பகத்தையும் நேரடியாகக் கவனிக்க முடியாது. ஆகவே 'ஸ்பான்சர்' என்றொரு அமைப்பு குறுக்கே வருகிறது. வீட்டிலேயே நாலைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் கட்டாயமாக ஒரு ஸ்பான்சரின் கீழ்தான் சேர வேண்டும். காப்பகங்கள் தனியாகவும் சேரலாம், ஸ்பான்சர் வழியாகவும் சேரலாம். ஸ்பான்சர் எல்லாருடைய கணக்கையும் திரட்டி மாநிலத்திடம் கொடுத்து, பணத்தை வாங்கிப் பிரித்துத் தருகிறது. மேற்பார்வையும் அதன் வேலை. ஒவ்வோர் இடத்துக்கும் ஆண்டுக்கு மூன்று முறை போக வேண்டும். அதில் இரண்டு சொல்லாமல் போவதாக இருக்க வேண்டும்; அந்த இரண்டில் ஒன்றிலாவது சாப்பாடு போடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். புதிய இடம் என்றால் முதல் நாலு வாரத்துக்குள். மாநிலமோ ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கு நிறுவனங்களைப் பார்த்தால் போதும். சிறிய ஸ்பான்சருக்கு மூன்றாண்டுக்கு ஒரு முறை, நூறு இடங்களுக்கு மேல் வைத்திருப்பவருக்கு இரண்டாண்டுக்கு ஒரு முறை.

அதாவது சாப்பாட்டுக் கூடத்தில் நின்று தலையை எண்ணும் வேலையில் பெரும்பகுதி ஸ்பான்சரிடம் இருக்கிறது. காப்பகங்களுக்கு ஸ்பான்சராக இருப்பவருக்குக் கூலி எங்கிருந்து வருகிறது? அந்தக் காப்பகங்களுக்கு வரும் தொகையிலிருந்து 15 சதவீதம் வரை நிர்வாகச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம். எண்ணிக்கை ஏறினால் ஸ்பான்சரின் வருமானமும் ஏறும். எண்ணிக்கை பொய் என்று கண்டுபிடித்தால் வருமானம் இறங்கும். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தது என்று நம் ஊரில் சொல்வதை அமெரிக்க விதி நூல் 15 சதவீதம் என்று எழுதி வைத்திருக்கிறது. நேர்மையான ஸ்பான்சர்கள்தான் அதிகம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஓர் ஏற்பாடு நேர்மையாளர்களை நம்பி மட்டும் ஓடினால் அதை ஆய்வு என்று சொல்ல முடியாது.

இது தெரியாமல் இல்லை. 1990-களின் இறுதியில் வேளாண் துறையின் தலைமைத் தணிக்கையாளர் அலுவலகம் 'ஆப்பரேஷன் கிட்டி கேர்' என்ற பெயரில் நாடு முழுக்க ஸ்பான்சர்களைத் துருவியது. இல்லாத வீட்டுக் காப்பகங்கள், சாப்பிடாத குழந்தைகள், நிர்வாகச் செலவு என்ற பெயரில் சொந்தச் செலவு என்று வரிசையாக வெளியே வந்தன. 1999-ல் அறிக்கை, 2000-ல் சட்டத் திருத்தம். சொல்லாமல் போகும் ஆய்வுகளும், 'கடும் குறைபாடு' என்ற நடைமுறையும் இறுகியது அப்போதுதான். ஒரு நிறுவனத்தைக் கடும் குறைபாடு உள்ளது என்று அறிவித்தால் திருத்த அவகாசம் தருவார்கள். திருத்தவில்லையென்றால் ஒப்பந்தம் ரத்து, பிறகு மேல்முறையீடு, அதிலும் தோற்றால் நாடு தழுவிய தகுதி நீக்கப் பட்டியலில் பெயர். பட்டியலில் ஏறினால் ஏழு ஆண்டு. பாக்கி இருந்தால் அதைக் கட்டும் வரை.

இத்தனையும் இருந்தும்தான் மினசோட்டா நடந்தது.

'ஃபீடிங் அவர் ஃப்யூச்சர்' என்பது 2016-ல் அந்த மாநிலத்தில் தொடங்கிய லாப நோக்கற்ற ஸ்பான்சர் நிறுவனம். 2019-ல் அதன் வழியாகப் போன கூட்டாட்சிப் பணம் சுமார் 34 லட்சம் டாலர். 2021-ல் ஏறக்குறைய 20 கோடி டாலர். நடுவில் வந்தது கொரோனா. பள்ளிகளும் காப்பகங்களும் மூடிக் கிடந்தபோது பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாதே என்று வேளாண் துறை பல விதிகளைத் தளர்த்தியது. குழந்தை ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதில்லை, பெற்றோர் வந்து பொட்டலம் வாங்கிப் போகலாம். நேரில் போய்ப் பார்க்கும் ஆய்வுக்கும் விலக்கு. அந்த நாளில் எடுத்த அந்த முடிவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விலக்குக்குப் பிறகு மிஞ்சியது காகிதம் மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். கூடத்தில் நிற்க ஆளில்லை. நிற்பதற்குக் கூடமும் இல்லை.

காகிதம் தயாரிப்பது எவ்வளவு எளிது என்பது பின்னால் குற்றப்பத்திரிகையில் வந்தது. குழந்தைகளின் பெயர்ப் பட்டியலுக்கு, தற்போக்காகப் பெயர்களை உருவாக்கித் தரும் ஓர் இணையதளத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வயதுக்கு எக்செல் சூத்திரம்: 7-க்கும் 17-க்கும் இடையே ஏதோ ஓர் எண். கோப்பை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தச் சூத்திரம் வயதை மாற்றிப் போட்டுவிடும் என்பது எக்செல் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மினியாபொலிஸில் ஓர் உணவகம் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு வாரம் ஏழு நாளும் சாப்பாடு போட்டதாகக் கணக்குக் கொடுத்தது. ஐந்து நாள் ஒப்பீட்டில் இவை தோற்றிருக்குமா? வருகைப் பதிவேட்டில் 2,000 என்றும் உணவுப் பதிவில் 2,000 என்றும் ஒரே கை எழுதினால் இரண்டும் அழகாக ஒத்துப்போகும். உண்மையான காப்பகத்தின் பதிவேட்டில்தான் அடித்தல் திருத்தல் இருக்கும்.

மினசோட்டாவில் இந்தத் திட்டத்தைக் கவனிக்கும் மாநிலக் கல்வித் துறைக்குச் சந்தேகம் வராமல் இல்லை. புதிய மையங்களுக்கு அனுமதி தர இழுத்தடித்தது. உடனே நிறுவனம் 2020 நவம்பரில் வழக்குப் போட்டது: எங்கள் மையங்கள் சிறுபான்மைச் சமூகத்தினருடையவை என்பதால் பாகுபாடு காட்டுகிறீர்கள் என்று. 2021 தொடக்கத்தில் துறை பணத்தை நிறுத்தியது, ஏப்ரலில் மீண்டும் கொடுக்கத் தொடங்கியது. நீதிமன்றம்தான் கொடுக்கச் சொன்னது என்று பின்னாளில் விளக்கம் வந்தபோது, அப்படி ஓர் உத்தரவே போடவில்லை என்று நீதிபதி மறுத்தார். விஷயம் எஃப்பிஐ வரை போய், 2022 ஜனவரி 20-ல் சோதனை நடந்தது. செப்டம்பரில் 47 பேர் மீது குற்றச்சாட்டு, 25 கோடி டாலர் மோசடி என்று. பிறகு குற்றம் சாட்டப்பட்டவர்களின் எண்ணிக்கை 70-ஐத் தாண்டியது. நிறுவனத்தின் தலைவர் ஏமி பாக் 2025 மார்ச்சில் குற்றவாளி என்று தீர்ப்பானது.

2024 ஜூனில் மினசோட்டா சட்டமன்றத் தணிக்கையாளர் ஓர் அறிக்கை வெளியிட்டார். கல்வித் துறையின் மேற்பார்வைக் குறைபாடே மோசடிக்கு வாய்ப்புகளை உருவாக்கியது என்பது அதன் சாரம். அதில் உள்ள ஒரு செய்தி மற்றதையெல்லாம்விட எனக்கு அதிகம் சொல்கிறது. ஃபீடிங் அவர் ஃப்யூச்சர் மீது புகார் வந்தபோது, அதை விசாரித்துச் சொல்லும்படி துறை கேட்டது அந்த நிறுவனத்தையே. படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் திட்டத்தின் அமைப்பை நினைத்துப் பார்த்தால் அது அசட்டுத்தனம் மட்டும் இல்லை. மையங்களைப் பற்றிப் புகார் வந்தால் ஸ்பான்சரிடம் கேட்பதுதான் அன்றாட வழக்கம். புகாரே ஸ்பான்சர் மீது என்றாலும் கோப்பு பழகிய தடத்திலேயே போயிருக்கிறது.

மினசோட்டாவை ஓர் ஊரின் விதிவிலக்கு என்று தள்ளிவிட முடியாது. ஆர்கன்சாவில் மையங்களுக்கு அனுமதி கொடுக்கும் மாநில ஊழியர்களே லஞ்சம் வாங்கிக்கொண்டு போலிக் கணக்குகளைக் கடத்திவிட்டதாக வழக்கு நடந்து தண்டனையும் ஆனது. அங்கே ஸ்பான்சரைத் தாண்டி அடுத்த படியும் உளுத்திருந்தது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு; அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. வீட்டில் ஐந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மெனுவும் எண்ணிக்கையும் அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். தன் சொந்தப் பிள்ளையைக் கணக்கில் சேர்க்க வேண்டுமென்றால் வருமானத் தகுதியும் வேண்டும், அந்த வேளையில் வெளிப்பிள்ளை ஒன்றாவது கூடச் சாப்பிட வேண்டும். ஸ்பான்சரின் ஆள் சொல்லாமல் வந்து நிற்கும் நாளில், காய்ச்சலில் அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டிருந்ததால் நேற்றைய பதிவு வெறுமையாக இருக்கிறது. அந்தச் சாப்பாடுகளுக்குப் பணம் போகும். இரண்டு மூன்று முறை நடந்தால் கடும் குறைபாடு அறிவிப்பு, முப்பது நாள் அவகாசம், கடைசியில் ஆயிரக்கணக்கான போலிப் பெயர் எழுதியவர் ஏறும் அதே பட்டியலில் இவர் பெயரும் ஏறலாம். இத்தகைய வீட்டுக் காப்பகங்கள் திட்டத்தில் இருந்த எண்ணிக்கை 1990-களின் நடுவில் இருந்ததைவிட இன்று வெகுவாகக் குறைந்திருக்கிறது. காரணங்கள் பல, 1996 சட்டம் வீடுகளை இரண்டு அடுக்காகப் பிரித்து ஓர் அடுக்குக்குத் தொகையைக் குறைத்தது முக்கியமான ஒன்று. காகிதச் சுமையும் அதில் சேர்ந்தது என்று களத்தில் இருப்பவர்கள் சலிப்போடு சொல்வார்கள்.

காகித ஆய்வு தவறு செய்பவரை நன்றாகப் பிடிக்கும், பொய் சொல்பவரைப் பிடிக்காது. தவறு செய்பவரின் காகிதங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். பொய் சொல்பவர் முட்டாமல் பார்த்துக்கொள்வார். ஒவ்வொரு மோசடிக்குப் பிறகும் இன்னும் இரண்டு படிவம் கூட்டுவது முதலாமவரை இன்னும் அழுத்தும், இரண்டாமவருக்கு நிரப்ப இன்னும் இரண்டு படிவம் கிடைக்கும், அவ்வளவுதான்.

அந்த வகையில் 2023-ல் வேளாண் துறை கொண்டுவந்த விதித் திருத்தத்தில் ஒரு பகுதி உருப்படியானது. ஸ்பான்சரின் ஒரு மாத வங்கிக் கணக்கை மாநிலம் ஆண்டுதோறும் எடுத்து, செலவுச் சீட்டுகளோடு ஒப்பிட வேண்டும். மினசோட்டாவில் பணம் கார்களுக்கும் வீடுகளுக்கும் போனது கடைசியில் தெரிந்தது வங்கிக் கணக்கின் வழியாகத்தான். உணவுப் பதிவேடு அதைச் சொல்லவில்லை. நிர்வாகச் சிக்கல் வரக்கூடும் என்று தோன்றும் நிறுவனங்களை இரண்டாண்டுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்பதும் அதே திருத்தத்தில் உண்டு. 2024 பிப்ரவரியில் கடும் குறைபாட்டு நடைமுறையையே மாற்றியமைக்க ஒரு முன்மொழிவும் வந்தது. மினசோட்டா தன் கல்வித் துறைக்குள் தனியாக ஒரு தலைமை விசாரணை அலுவலகத்தை 2023-ல் உருவாக்கிக்கொண்டது.

காப்பக ஸ்பான்சர்களுக்கான 15 சதவீத வரம்பை மட்டும் 2023 திருத்தம் மாற்றவில்லை. ஆய்வுக்குப் போகும் ஸ்பான்சரின் ஊழியருக்கு, தான் எண்ணும் தலைகளிலிருந்து பிரிந்த ஒரு தனிச் சம்பளம் வேண்டும் என்ற ஏற்பாடும் அதில் இல்லை.